ஏழு முடிச்சும் ஒரு பவுனும்

மாரித்தாயின் தகரப்பெட்டியை நடுத்தெருவில் வைத்துத் திறந்தது நான்தான்.

என் பெயர் மந்திரமூர்த்தி. கோர்ட்டில் சம்மன் கொண்டுபோகும் சேவகனாக இருந்தேன். வாய் நீளம் என்று ஒரு முன்சீப் என் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பினார். அதிலிருந்து, பாளையங்கோட்டையில் தனியாகத் துப்பு வேலை பார்க்கும் ஜேசுதாசன் அண்ணாச்சியோடு ஒட்டிக்கொண்டேன். அவர் பேசாமல் யோசிப்பார், நான் யோசிக்காமல் பேசுவேன். இரண்டும் சேர்ந்து நாலு வருஷமாகப் பிழைப்பு ஓடுகிறது.

1910, தை மாதத் திங்கட்கிழமை காலை. பெட்டிக்குள் இருந்தது இரண்டு சேலை, ஒரு மரச்சீப்பு, அவள் வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தை கிரேஸுக்குச் சின்னதாகிப்போன ஒரு கவுன். அவ்வளவுதான். தெருவே கூடி நின்றது. கூட்டத்தைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒட்டுப்போட்ட சேலை ஒன்றை உதறி வெயிலுக்கு நேரே பிடித்தேன்.

"புதையல் இருந்தா இதுல நிக்குமா? துணியைவிட ஓட்டைதான்லா ஜாஸ்தி."

தெரு சிரித்தது. மாரித்தாய் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சேலையை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, உள்ளே வைத்து மூடினாள். பெட்டியை உள்ளே எடுத்துப் போகச் சொன்னேன்.

"கிடக்கட்டும் தம்பி. சாயந்தரம் போலீசு வந்து மறுபடியும் திறப்பாவல்லா" என்றாள்.

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரிப்பு வாங்கிய ருசி நாக்கில் இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை மறைத்து எழுதலாம்தான். மறைக்கக் கூடாது என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

வழக்கு இதுதான். உபதேசியார் தானியேல் ஐயா வள்ளியூருக்கும் ராதாபுரத்துக்கும் நடுவே பனங்காட்டு ஊர்களில் நாற்பது வருஷம் நடந்தே வேதம் சொன்னவர். இப்போது ஓய்வாகி, தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருக்கும் மகன் பாக்கியசீலன் வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பழங்காசு. பேத்தி கிரேஸுக்கு ஞானஸ்நானத்தன்று ஒரு காசு கொடுத்தார். பிறகு பிறந்தநாளுக்கு ஒன்று வீதம் ஆறு. மீன் போட்ட பாண்டியர் செப்புக்காசு, ஒல்லாந்தர் துட்டு, தராசு போட்ட கம்பெனிக்காசு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒவ்வொன்றோடும் எந்த ராஜா, எந்தக் காலம் என்று தன் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. குழந்தை அவற்றை ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள்.

போன திங்கட்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, புதன்கிழமை உதட்டைப் பிதுக்கினார். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் காய்ச்சல் தானாக இறங்கியது. சனிக்கிழமை குழந்தை டப்பாவைக் கேட்டாள். திறந்தால் ஏழு காசும் இல்லை.

அந்த அறைக்குள் போய்வரும் வெளியாள் மாரித்தாய் ஒருத்திதான். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். வியாழக்கிழமை பொழுதடையும் நேரத்தில் அவள் ஆற்றுப்பக்கமிருந்து வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. எதற்குப் போனாய் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை.

"விளக்கு வைக்கிறதுக்குள்ள காசு வரணும். இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருவேன்" என்றார் எங்களை வரவழைத்த பாக்கியசீலன். "பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட வீடு இது. யோசிச்சுப் பாருங்க."

ஜேசுதாசன் யோசித்தது வேறு. டப்பாவை வாங்கிக் கவிழ்த்தார். ஏழு சீட்டு விழுந்தது. கூடவே ஒரு பவுன் கணீரென்று விழுந்து உருண்டது.

"இது யாரு குடுத்தது?"

"கிறிஸ்மஸுக்கு அவ அம்மாவைப் பெத்த தாத்தா குடுத்தாரு."

"திருடன் பவுனை விட்டுட்டுப் பச்சை பிடிச்ச செம்பை எடுத்துட்டுப் போயிருக்கான்."

"கண்ணு தெரியாத திருடனா இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

"பவுன் போனா உடனே தெரிஞ்சிரும்னு விட்டிருப்பா" என்றார் பாக்கியசீலன். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. குற்றம் சாட்டுகிறவனுக்கு நியாயம் எப்போதும் கைவசம் இருக்கும்.

கிரேஸைப் பார்த்தோம். தலையணையில் சாய்ந்து, கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஜேசுதாசன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"காய்ச்சலா கிடந்தப்ப யாரெல்லாம் வந்தாவ பாப்பா?"

"டாக்டரு வந்தாவ. மாரித்தாய் நெத்தியில துணி போட்டா. தாத்தா கட்டிலைச் சுத்திச் சுத்தி நடந்து ஜெபம் பண்ணுனாவ. எனக்குத் தலை சுத்திட்டு."

"நாற்பது வருஷம் நடந்த காலு. ஜெபத்துக்குக்கூட உக்காராது போலுக்கு" என்றேன். குழந்தை சிரித்தது. ஜேசுதாசன் சிரிக்கவில்லை. பைய எழுந்தார்.

"மந்திரம், வண்டியைக் கூப்பிடும். ஆத்துக்குப் போவோம்."

"மாரித்தாய் தூக்கிப் போட்ட இடத்தைத் தேடவா?"

"செம்புக்காசை வேணும்னு எடுக்கிற ஆள் ரெண்டே பேருதான். ஒண்ணு அதை வாங்குத ஆள். இன்னொண்ணு விக்குத ஆள். விக்குதவன் ஆத்துல இருக்கான்."

தை மாசத்தில் தாமிரபரணி வெள்ளம் வடிந்து தெளிந்திருந்தது. பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் இசக்கியப்பன் நின்றான். மரத்தட்டில் மணலை அள்ளி அலசி அரிப்பது அவன் தொழில். படித்துறைகளில் ஜனங்கள் போடுகிற காசு, குளிக்கும்போது நழுவிய மூக்குத்தி எல்லாம் அவன் தட்டுக்கு வரும். பழசாக ஏதாவது கிடைத்தால் உபதேசியார் ஐயாவிடம் கொண்டுபோவான்.

எங்களைப் பார்த்ததும் தட்டைப் போட்டுவிட்டு மடியைப் பிடித்துக்கொண்டான்.

"மடியில என்னலே?" என்றேன்.

"நான் களவாங்கல. ஆத்துல கிடந்துது. சனிக்கிழமை இந்தா இங்கனதான், தூணுக்குப் பக்கத்துல."

அவிழ்த்துக் காட்டினான். ஏழு காசு. மீன், ஒல்லாந்தர் துட்டு, தராசு எல்லாம் சரியாக இருந்தது.

"பூராவும் நான் வித்த காசுதான் ஐயா. பாத்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. வித்த ஆள்கிட்டயே மறுபடி எப்படிக் கொண்டுபோய் விப்பேன்?"

"ஒரே காசை ரெண்டு தடவை வித்தா அது வியாபாரம்லே. மூணாவது தடவைதான் திருட்டு" என்றேன். அப்புறம் ஜேசுதாசன் பக்கம் திரும்பினேன். "முடிஞ்சுது அண்ணாச்சி. மாரித்தாய் ஆத்துக்கு வந்தா. காசும் ஆத்துல. மாட்டிக்குவோம்னு பயந்து எறிஞ்சிருக்கா. வாங்க, சாப்பாட்டுக்குப் போயிரலாம்."

"எதுல கட்டியிருந்துது?" என்று இசக்கியப்பனைக் கேட்டார் அவர்.

கல்லில் காயப்போட்டிருந்த துணியைக் கொண்டுவந்தான். கைக்குட்டை அகலத்துக்குக் கிழித்த வெள்ளை மல்துணி. "உள்ள வேப்பங்கொழுந்து இருந்துது. கழிப்புப் பொட்டலந்தான். ஆனா கட்டுனவன் சரியான கிறுக்கன். ஒண்ணுமேல ஒண்ணா ஏழு முடிச்சு. என் நகமே பிஞ்சு போச்சு."

கழிப்பு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நோவு கண்டவர் தலையைச் சுற்றிக் காசை ஆற்றில் போட்டுவிட்டால், நோவும் அதோடு போய்விடும். அப்படிப் போட்ட காசை யாரும் தொடமாட்டார்கள், இசக்கியப்பன் மாதிரித் தொழில்காரர்களைத் தவிர.

"நீ இதுவரைக்கும் எத்தனை கழிப்புப் பொட்டலம் அவுத்திருப்பே?"

"ஆயிரம் இருக்கும்."

"ஏழு முடிச்சு?"

"இதான் முதல்தடவை." இசக்கியப்பன் தலையைச் சொறிந்தான். "உபதேசியார் ஐயாகிட்ட போன வருசமே சொன்னேன். இந்த மீன்காசு பாபநாசம் படித்துறைக்குக் கீழ அரிச்சது, எவன் எந்த நோவுக்குக் கழிச்சதோ, பிள்ளை கையில குடுக்காதியன்னு. ஐயா சிரிச்சாவ. வேதம் சொல்லி, ஒரு புஸ்தகமும் குடுத்தாவ. எனக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுல அடுப்பு மூட்டிட்டா."

ஜேசுதாசன் காசையும் துணியையும் வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். நான் வழியெல்லாம் பேசினேன். மாரித்தாய்க்கு எத்தனை மாசம் கிடைக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது பாக்கியசீலன் ஸ்டேஷனுக்கு எழுதிய கடிதாசியில் மை உலர்ந்துகொண்டிருந்தது. உபதேசியார் ஐயா தன் அறையில் கதவைச் சாத்தியிருந்தார். முன்கூடத்தில் காத்திருந்தோம். மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அண்டை கொடுத்து ஒரு கட்டுச் சிறுபுத்தகம் கிடந்தது. விலைபோகாமல் மிஞ்சியது போலிருக்கிறது. பொழுது போகாமல் ஒன்றை உருவினேன். 'கழிப்புக் கண்டனம். இயற்றியவர், உபதேசியார் தானியேல்.'

"அண்ணாச்சி, இதைக் கேளுங்க." உரக்கப் படித்தேன். "'இவ்வஞ்ஞானிகள் நோயாளியின் கட்டிலைச் சுற்றிவந்து, ஏழு காசுகளை வேப்பிலையோடு வெள்ளை வஸ்திரத்தில் பொதிந்து, ஏழு முடிச்சிட்டு, உச்சிவேளையில் ஆற்றில் எறிவார்கள்.' எந்த ஊர்ல? எங்க சித்தி கழிச்சதை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். மஞ்சத்துணி, ஒத்தக்காசு, ஒரு பிடி உப்பு, மூணு மிளகா. பொழுதடையுத நேரம். ஏழு முடிச்சு போடுத கிறுக்கன் எவன்வே..."

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

ஜேசுதாசன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த வெள்ளைத்துணியை எடுத்து மேஜையில் விரித்தார்.

"சின்னப்பிள்ளையில வள்ளியூர்ச் சந்தையில இந்தப் புஸ்தகத்தைக் குடுத்துத் திரிஞ்சவன் நான்" என்றார். "இசக்கியப்பன் ஏழு முடிச்சுன்னதும் ஞாபகம் வந்துட்டு. மாரித்தாய் கழிச்சிருந்தா உம்ம சித்தி மாதிரி கழிச்சிருப்பா. இந்த முறை உலகத்துல ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. இந்தப் புஸ்தகத்துல மட்டும்."

எனக்கு என்னவோ காதெல்லாம் சுட்டது. கண்முன் அந்த ஓட்டைச் சேலை வந்தது.

கதவைத் தட்டி உள்ளே போனோம். ஐயா காசுத் தட்டுகளுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். வெளுத்த தலைப்பாகை ஆணியில் தொங்கியது. அதன் ஒரு முனை கிழிந்திருந்தது. ஜேசுதாசன் ஏழு காசையும் துணியையும் அவர் முன்னால் வைத்தார். புத்தகத்தை வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஐயா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"புதன்கிழமை டாக்டர் போனப்பறம் ராவெல்லாம் ஜெபம் பண்ணுனேன்" என்றார். "ஒண்ணும் ஆகல. இசக்கியப்பன் சொன்னது காதுலயே நின்னுது. என் கையால நான் குடுத்த காசு. பிள்ளை சாகுதது என்னாலதானோன்னு... மறுநாள் மத்தியானம் எல்லாரும் அசந்திருந்தாவ. செஞ்சிட்டேன்."

"ஏழு முடிச்சு எங்கன பிடிச்சிய ஐயா?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை. இருந்தும் அவர் முகம் சுருங்கியது.

"வள்ளியூர்ச் சந்தையில ஒருத்தன் சொன்னான். நம்பி எழுதிட்டேன்."

"அவன் உங்களை ஏய்ச்சிட்டான்."

"இருக்கும். நாற்பது வருசமா நான் எதிர்த்தது என்னன்னுகூட எனக்குச் சரியாத் தெரியல. அதையும் தப்பாத்தான் செஞ்சிருக்கேன். வெக்கமா இருக்குப்பா." துணியைத் தொட்டார். "வள்ளியூர்ல ஒரு தாய் பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒத்தக்காசு கழிச்சா. நான் எழுதி அனுப்பித்தான் அவளை ஆறு மாசம் நற்கருணையில சேக்காம விலக்கி வச்சாவ. அவ வேதக்கோயிலுக்கு வெளியவே நின்னுக்கிட்டிருந்தா. நான் அவளைத் தாண்டி உள்ள போவேன்."

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஜேசுதாசா, காசு ஆத்துல கிடைச்சுதுன்னு மட்டும் பாக்கியத்துகிட்ட சொல்லும். அது பொய் இல்லைல்லா."

"பொய் இல்ல ஐயா. ஆனா மாரித்தாயும் அன்னைக்கு ஆத்துக்குப் போனா. ரெண்டையும் சேத்து உங்க மகன் என்ன எழுதுவாருன்னு நினைக்கிய? கடிதாசி வெளிய மேஜைமேல இருக்கு."

அந்தப் பெரிய மனிதர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டதை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். பிறகு எழுந்தார். ஆணியில் இருந்த தலைப்பாகையை எடுக்கப் போய், எடுக்காமல் விட்டுவிட்டு, முன்னாலிருந்த ஏழு காசையும் அள்ளிக்கொண்டு வெறுந்தலையோடு வெளியே நடந்தார்.

தெருக்கோடியில் மாரித்தாய் தன் குடிசைக்கு முன்னால் நின்றாள். பெட்டி காலையில் நான் விட்ட இடத்திலேயே கிடந்தது. போலீஸ் வருகிறது என்று நினைத்துத் தெரு மறுபடியும் கூடிவிட்டது. பாக்கியசீலன் கடிதாசியோடு வந்தார். அவர் தோளில் போர்வைக்குள் கிரேஸ் இருந்தாள்.

"காசை எடுத்தது நான்தான்" என்றார் ஐயா அவளிடம், பிரசங்கம் செய்து பழகிய குரலில். அடுத்த வார்த்தையிலேயே குரல் உடைந்தது. "பிள்ளைக்குக் கழிச்சு ஆத்துல எறிஞ்சதும் நான்தான். ஊருக்கெல்லாம் கூடாதுன்னு சொன்னவன். உன்மேல பழி விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்லயும் சொல்லுவேன். முதல்ல உன்கிட்ட சொல்லணும்."

பாக்கியசீலன் கையில் கடிதாசி கசங்கியது. "அப்பா" என்றார்.

"எனக்குத் தெரியும் ஐயா" என்றாள் மாரித்தாய்.

ஜேசுதாசனே திடுக்கிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கதவிடுக்குல நின்னு பாத்தேன். நீங்க முடிச்சு மேல முடிச்சா போட்டிய. இது முறையில்லையேன்னு இருந்துது. சொல்ல வாய் வரல. அதான் பொழுதடைய நான் போய் ஒத்தக்காசை மஞ்சத்துணியில முடிஞ்சு ஒழுங்கா கழிச்சுட்டு வந்தேன். எனக்கும் அவ பிள்ளைதானே."

"ஏன் சொல்லல?" என்றார் பாக்கியசீலன். "நான் அத்தனை தடவை கேட்டேன்லா."

"சொன்னா பெரியவியளைக் கோயில்ல நிறுத்திக் கேப்பாவ. எனக்கென்ன? பெட்டியைத்தானே திறப்பாவ."

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

"தாத்தா, என் காசு" என்றாள் கிரேஸ்.

ஏழு காசும் ஐயாவின் உள்ளங்கையில்தான் இருந்தது. கையை நீட்டினார். விரல் பிரியவில்லை. கழித்த காசும் செம்பு, வெறும் செம்பு என்று நாற்பது வருஷம் சொன்னவர். இத்தனை பேருக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடிந்தது அவருக்கு. அந்தக் காசை மறுபடியும் பேத்தி கையில் வைக்க முடியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கும் தெரிந்தது.

மாரித்தாய் பக்கத்தில் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். காசுகளைத் தன் முந்தானையில் துடைத்துக் குழந்தையிடம் கொடுத்தாள். கிரேஸ் எண்ணிப் பார்த்தாள். "ஏழும் இருக்கு. சீட்டு எங்க?" என்றாள்.

ஜேசுதாசன் என்னைப் பார்த்தார். சொல்லு என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. காலையில் சிரித்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"அக்கா" என்றேன். "காலையில நான் சேலையை வச்சு..." வாயால் பிழைக்கிறவனுக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை.

"பெட்டியை உள்ள தூக்கி வையுங்க தம்பி" என்றாள் மாரித்தாய். "இனி யாரும் திறக்க வரமாட்டாவல்லா."

தூக்கினேன். இரண்டு சேலை, ஒரு சீப்பு, ஒரு கவுன். கனமே இல்லை. வாசலுக்கு நாலடி தூரம்தான் இருக்கும். அதைக் கடப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.